இதில் கோயில் எத்தனை?

படிவம் எதைக் கண்டாலும் எனக்குக் கை நமநமவென்று வரும். உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு எழுந்து வருகிற மனவலிமை இளம் வயதில் எனக்கு இருந்ததே இல்லை. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம் என்றால் ஏழு என்று எழுதுவேன். தெரிந்த மொழிகள் என்று கேட்டால், இந்திப் பரீட்சையில் முதல் படியோடு நின்றுபோனவன், 'இந்தி' என்று எழுதிப் பக்கத்தில் 'சரளமாக' என்றும் சேர்ப்பேன். இதையெல்லாம் பொய் என்று நான் நினைத்ததில்லை. கணக்கை ரவுண்டாக்குவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் இரண்டாம் பாதியில் அமெரிக்காவில் வந்து இறங்கிய எங்கள் செட்டுக்கே இந்த வியாதி இருந்தது. இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப்போய்விடும் என்று பயந்து, பழைய புரோகிராம்களைத் திருத்த ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு உண்மையில் நான்கு வருட அனுபவம். என்னைக் கூட்டிவந்த கன்சல்டன்சிக்காரர் அதை ஆறாக்கி அனுப்பினார். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. (மறுத்திருந்தால் இந்தக் கட்டுரையைக் கோயம்புத்தூரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன். தலைப்பு வேறாக இருந்திருக்கும்.)

என் மேனேஜர் பெயர் வால்ட். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லியான ஆள், அதிர்ந்து பேசமாட்டார். கந்தசாமி என்ற என் பெயரை முதல் வாரம் முழுவதும் முயன்று பார்த்துவிட்டு, 'கேண்டி' என்று முடித்துக்கொண்டார். என் கிரீன் கார்டுக்கு அவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 'இவர் ஆறு வருட அனுபவம் உள்ளவர், இவர் இல்லாமல் எங்களுக்கு ஆகாது' என்று வக்கீல் அடித்து அனுப்பிய அந்தக் கடிதம் ஆறு வாரமாக வால்ட்டின் மேஜையில் காபிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது. நான் தினமும் ஏதாவது சாக்கு வைத்து உள்ளே போய், கோப்பையின் கறை வட்டம் கையெழுத்துப் போடும் கோட்டுக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன்.

வால்ட்டுக்கு ஒரு பைத்தியம் உண்டு. நெவாடாவில், ஊர் உலகத்துக்கு ரொம்பத் தள்ளி, ஏழாயிரம் அடிக்கு மேல் ஒரு வறண்ட மலைத்தொடர் இருக்கிறது. அந்த மலையில் எந்தெந்த ஊற்றில் தண்ணீர் இருக்கிறது, எது காய்ந்துவிட்டது என்று வருடம்தோறும் நடந்துபோய்ப் பார்த்து எழுதிவைக்கும் ஒரு சிறு குழுவுக்கு அவர்தான் தலைவர். பழைய வரைபடத்தில் ஊற்று என்று நீலத்தில் போட்டிருக்கும் பல இடங்களில் இப்போது சொட்டுத் தண்ணீர் கிடையாதாம். அதனால் அந்த மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இந்தக் குழுவின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் போவார்கள். ஜூன் மாதப் பயணத்துக்கு ஆள் வேண்டும் என்று ஒரு படிவத்தை அவர் காபி மெஷின் பக்கத்தில் ஒட்டியிருந்தார். கிரீன் கார்டு கடிதமே நேரில் வந்து என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அன்று சாயங்காலம் ஃப்ரீமாண்ட் நகரில் எங்கள் அபார்ட்மென்டில் படிவத்தை விரித்து உட்கார்ந்தேன். எதிரே வசந்தி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"மலை ஏறின எக்ஸ்பீரியன்ஸ் எத்தன வருஷம்னு கேக்கறாங்க," என்றேன்.

"ஒண்ணுமில்லைன்னு எழுதுங்க."

"ஒண்ணுமில்லையா? பழனிக்கு வருஷா வருஷம் போனது? மருதமலை? சென்னிமலை? வெள்ளியங்கிரி வேற இருக்குது."

"வெள்ளியங்கிரியில ஏழு மலைல மூணாவது மலையிலயே கால் வலிக்குதுன்னு திரும்பி வந்துட்டீங்கன்னு உங்கக்கா சொன்னாங்களே."

"மூணு மலை ஏறுனது மலை இல்லையா?"

ஐந்து வருடம் என்று எழுதினேன். வறண்ட பிரதேச அனுபவம் என்ற இடத்தில் 'பிறந்ததிலிருந்து' என்று எழுதினேன். (அறுநூறு அடி போர் போட்டாலும் புழுதி மட்டும் வருகிற ஏரியாவில் பிறந்தவன் வேறு என்ன எழுதுவான்?) வரைபடம் படிக்கும் திறமை: மிக நன்று. அதற்கு ஆதாரம், யாரையும் வழி கேட்காமல் ஒருமுறை பக்கத்து ஊரான சான் ஹோஸே போய்விட்டுத் திரும்பியது. வசந்தி கத்தியை வைத்துவிட்டு, "நானும் வரேனுங்க," என்றாள். என்னைத் தனியாக அனுப்பப் பயந்துதான் அவள் வந்தாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அப்போது என் வீரத்தை நேரில் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

படிவம் வேலை செய்தது. தேவைக்கு மேலேயே செய்தது. மலையடிவாரத்தில் சனிக்கிழமை காலை ஏழு பேரும் கூடியபோது, நான்கு பேரைக் கிழக்குப் பக்கம் அனுப்பிவிட்டு வால்ட் என்னிடம் வரைபடத்தை நீட்டினார். "கேண்டி, ஐந்து வருட அனுபவம் உனக்கு. மேற்குப் பக்கம் மூன்று ஊற்றுகள் இருக்கின்றன. நீ முன்னால் நட. நானும் உன் மனைவியும் பின்னால் வருகிறோம்." (வால்ட் பேசியதெல்லாம் ஆங்கிலம். தமிழ்ப்படுத்தியது நான். அவர் குரலில் இதைவிடப் பொறுமை இருந்தது.)

மலை என்றால் என் மனதில் ஒரு படம் உண்டு. வெள்ளையடித்த படிக்கட்டு, நடுவே கைப்பிடிக் கம்பி, நூறு படிக்கு ஒரு இளைப்பாறும் மண்டபம், மோர், கரும்புச்சாறு, உச்சியில் சுனை, சுனைக்குக் கம்பி வேலி. இங்கே நிமிர்ந்து பார்த்தேன். மலையிலிருந்து யாரோ லாரி லாரியாகச் சரளைக் கல்லைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு சரிவு. அதன்மேல் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் பூத்த முழங்கால் உயரப் புதர். இலையைக் கசக்கினால் கற்பூரமும் ஓமமும் கலந்த வாசனை. அதற்கு மேலே குட்டைப் பைன் மரங்கள், அதற்கும் மேலே மொட்டைப் பாறை. பாதை என்று ஒன்று இல்லை. காற்றில் ஈரமே இல்லாததால் தூரத்தில் இருப்பதெல்லாம் பக்கத்துத் தெருவில் இருப்பதுபோல் தெரியும். "அந்தப் பாறைதானே, பத்து நிமிஷம்," என்று நான் கைகாட்டிய பாறைக்குப் போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. வசந்தி வாட்சைப் பார்த்தாள்.

ஆளுக்கு ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, தண்ணீர் கேனில் சுமந்துகொண்டிருந்தோம். வால்ட் புறப்படும்போதே சொல்லியிருந்தார்: "இது குடிக்க மட்டும். வேறு எதற்கும் இல்லை."

முதல் ஊற்று ஒரு பள்ளத்தாக்கின் இடுக்கில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது வால்ட், வழிநடத்தியவன் நான். பாசி படர்ந்த பாறைக்கு அடியில், ஒரு குடத்தைக்கூட முக்க முடியாத அளவு குழி. அதிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் வழிந்து, பத்தடி ஓடி, சரளைக்குள் புகுந்து காணாமல் போய்விட்டது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்கா இவ்வளவு தூரம்? வால்ட்டோ பேரக் குழந்தையைப் பார்த்தவர் போலக் குனிந்து நின்றார். ஒரு கோப்பையை நீட்டி, அது எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பார்த்துப் படிவத்தில் எழுதினார். சுற்றிலும் சேறு. மூன்று பேர் ஷூவும் கணுக்கால் வரை ஈரம்.

இரண்டாவது ஊற்றில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அது ஒரு கிளைப் பள்ளத்தாக்கின் அடியில் இருந்தது. மேலேயிருந்து முந்நூறு அடி இறங்க வேண்டும், காலடியில் உருளும் கல். வால்ட்டின் முழங்கால் ஏற்கெனவே முனகத் தொடங்கியிருந்தது. "நான் பார்த்துவிட்டு வருகிறேன்," என்று படிவத்தை வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். பாறை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். அடியில் பச்சைப்பசேல் என்று ஒரு மரக்கூட்டம். சுற்றிலும் எல்லாம் சாம்பலாகக் கிடக்கும்போது ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே தண்ணீர் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? இறங்கினால் திரும்ப ஏற வேண்டுமே என்று என் கால் யோசித்தது. கால் யோசித்ததைக் கை எழுதியது. 'தண்ணீர் உண்டு. ஓட்டம் நன்று.'

உடனே திரும்பினால் நம்பமாட்டார்கள் அல்லவா? ஒரு பாறை நிழலில் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கும்போது மூச்சு வாங்குவதற்காக இரண்டு தோப்புக்கரணம் போட்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

மூன்றாவது ஊற்று எதிர் மேட்டில் இருந்தது. காய்ந்த குழி, அவ்வளவுதான். அதைப் பதிவு செய்துவிட்டு, ஒரு பைன் மர நிழலில் சாப்பிட உட்கார்ந்தோம். வசந்தி கட்டிக் கொண்டுவந்திருந்த புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். வால்ட்டும் ஒரு கை பார்த்தார். நான் கையால் சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல எழுந்து, கேனைச் சரித்துத் தாராளமாகக் கை கழுவினேன். வாய் கொப்பளித்தேன். டப்பாவையும் மூடியையும் அலசினேன். கடைசியாக முகம். சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்திருக்க என் உடம்பில் ஏற்பாடே கிடையாது.

வால்ட் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "கேண்டி, தண்ணீர்..."

"கவலைப்படாதீர்கள்," என்றேன். "போகும் வழியில்தானே இரண்டாவது ஊற்று? ஓட்டம் நன்றாக இருக்கிறது. நிரப்பிக்கொள்ளலாம்."

இதில் வேடிக்கை என்னவென்றால், இதைச் சொல்லும்போது நான் பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. படிவத்தில் எழுதியாகிவிட்டதால் அங்கே ஒரு ஓடை சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. என் பேச்சை நம்பி வால்ட்டும் தன் கேனை எடுத்து வயிறாரக் குடித்துவிட்டு, மிச்சத்தில் பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "ஆஹா," என்றார். வசந்தி மட்டும் டிஷ்யூ பேப்பரில் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே என் ஷூவைப் பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

திரும்பும் வழியில், மதியம் இரண்டு மணிக்கு, வால்ட் ஒரு தட்டைக்கல்லில் கால் வைத்தார். கல் சறுக்கியது. அவர் உட்கார்ந்த விதத்திலேயே விஷயம் சின்னதில்லை என்று தெரிந்துவிட்டது. ஷூவைக் கழற்றிப் பார்ப்பதற்குள் கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

நிழல் என்றால் இடுப்பளவு உயரமுள்ள ஒரு பாறையின் ஓரம்தான். வெயில் தோலைத் துளைத்தது. வியர்வை வருவதற்குமுன் காய்ந்துவிடுகிற வெயில் அது. டிரக் மூன்று மைல் கீழே. வால்ட்டின் வாக்கிடாக்கியை அழுத்தினால் கரகரவென்ற சத்தம் மட்டும். மற்றவர்கள் மலைக்கு அந்தப் பக்கம். மூன்று கேன்களையும் ஒன்றாக ஊற்றிப் பார்த்தோம். அரை பாட்டில்கூடத் தேறவில்லை. புளிசாதத்தின் உப்பும் புளியும் தொண்டையில் வேலையை ஆரம்பித்திருந்தன.

வால்ட் பதறவில்லை. "கேண்டி, இரண்டாவது ஊற்று இங்கிருந்து அரை மைல். நீ போய் இரண்டு கேன் நிரப்பிக்கொண்டு வா. தண்ணீர் குடித்துவிட்டு, உன் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிவிடுகிறேன். தண்ணீர் இருக்கும் வரை பயமில்லை."

தண்ணீர் இருக்கும் வரை.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். கோப்பைக் கறை படிந்த அந்தக் கடிதம் கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டு கேனை எடுத்தேன். வசந்தி, "பாத்துப் போயிட்டு வாங்க. இருந்தா ரொப்பிட்டு வாங்க," என்றாள். அந்த 'இருந்தா' முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

பாதி வழி ஓடினேன், மீதி வழி விழுந்தேன். விளிம்பிலிருந்து பார்த்தபோது அந்தப் பச்சை அப்படியே இருந்தது. உருளும் கல்லில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன். பேன்ட் கிழிந்தது. இறங்கும்போது எனக்குத் தெரிந்த முருகன் கோயில்கள் அத்தனைக்கும் மொட்டை வேண்டிக்கொண்டேன். நான் எழுதிய ஒரு வரி, ஒரே ஒரு வரி, உண்மையாக இருந்துவிட வேண்டும் என்று.

மரக்கூட்டத்துக்குள் நுழைந்தேன். இலைகள் பச்சை. கீழே மண், வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. குளம்புத் தடங்கள் இருந்தன, ஆனால் கல்லாக இறுகிய பழைய தடங்கள். மண்டியிட்டுக் கையால் தோண்டினேன். நகம் பெயர்ந்தது. முழங்கை ஆழத்தில் மண் கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவுதான். மரத்தின் வேர் எவ்வளவு ஆழத்துக்கும் போய்க் குடித்துக்கொள்ளும். மனிதன் என்ன செய்வான்?

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். 'கிரீன் கார்டு போச்சு' என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகுதான் மேலே வெயிலில் உட்கார்ந்திருக்கும் வால்ட். அதற்கும் பிறகு, என்னை நம்பி ஏழு கடல் தாண்டி வந்து, டிஷ்யூ பேப்பரில் கையைத் துடைத்துக்கொண்ட வசந்தி. அந்த வரிசையை நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுகையில் கண்ணீர்கூட ஒழுங்காக வரவில்லை.

அப்போது யாரோ துருப்பிடித்த கேட்டைத் திறந்து மூடுவது போல ஒரு சத்தம். நிமிர்ந்தேன். எதிர்ச் சரிவில் நான்கு கழுதைகள். (அந்த மலைகளில் காட்டுக் கழுதைகள் உண்டு. பழைய சுரங்கக்காரர்கள் விட்டுப்போனவற்றின் வாரிசுகளாம். எனக்கு அன்று அதெல்லாம் தெரியாது. வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தேன்.) நான்கும் என்னைப் பார்த்தன. பெரியது ஒன்று, பார்த்தது போதும் என்று முடிவு செய்து திரும்பி நடந்தது. மற்ற மூன்றும் அதன் பின்னால்.

எழுந்து பார்த்தேன். அவை நடந்த இடத்தில் ஒரு தடம். தடத்தில் புத்தம்புதுச் சாணம். கொஞ்ச தூரத்தில் மேலேயிருந்து இன்னொரு தடம் வந்து அதோடு சேர்ந்தது, அப்புறம் இன்னொன்று. வரைபடம் படிப்பதில் மிக நன்று என்று எழுதிக் கொடுத்தவனுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இத்தனை தடமும் ஒரே திசையில் போய்ச் சேர்கிறது என்றால், அங்கே கோயில் திருவிழாவா நடக்கும்? கேன்களைத் தூக்கிக்கொண்டு கழுதைகளின் பின்னால் நடந்தேன். கழுதைக்கு ஐந்து வருட அனுபவம் நிஜமாகவே இருந்திருக்கும்.

ஒரு பாறை முனையைச் சுற்றித் திரும்பியதும் நான் கண்ட காட்சியை இன்றுவரை பாதிப் பேர் நம்புவதில்லை. அத்துவானமான மலையில், ஒரு வெள்ளைப் பீங்கான் குளியல்தொட்டி. நான்கு காலும் புலிப்பாதம் மாதிரி வளைந்த பழைய காலத்துத் தொட்டி. எப்போதோ யாரோ மாடு மேய்த்தவர்கள் வைத்தது. பாறையிலிருந்து ஒரு துருப்பிடித்த குழாய் நீண்டு, தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது. தொட்டி நிறையப் பச்சைப்பாசி, ஓரத்தில் தேனீ, அதற்குள் நான்கு கழுதைகளின் தலை.

தொட்டித் தண்ணீரில் முக்க மனம் வரவில்லை. குழாயில் பிடிக்கலாம் என்று கிட்டே போனேன். பெரிய கழுதை தலையைத் தூக்கி, காதை மடக்கி, ஒரு அடி முன்னால் வந்தது. நான் ஒரு அடி பின்னால் போனேன். ஊரில் குழாயடிச் சண்டைகளில் என் அம்மாவுக்குத் துணையாக நின்றவன்தான். ஆனால் அங்கே யாரும் உதைக்கமாட்டார்கள்.

"சரிங்க, நீங்களே மொதல்ல குடிங்க," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். மரியாதைப் பன்மை தானாக வந்தது. வரிசையில் ஐந்தாவதாக நின்றேன்.

அவை குடித்து முடித்து நகர்ந்ததும் கேனைக் குழாயடியில் வைத்தேன். சொட்டு. சொட்டு. வால்ட் விநாடிக் கணக்கு பார்த்தது ஏன் என்று அப்போது புரிந்தது. ஒரு கேன் நிரம்ப முப்பத்தைந்து நிமிடம். முதல் கேன் முடிந்தபோது, இரண்டாவதையும் நிரப்புவதா, இதோடு ஓடுவதா என்று தவித்தேன். அரை மணியில் திரும்பியிருக்க வேண்டியவன் ஒன்றரை மணி நேரமாகக் காணாமல் போயிருக்கிறேன். மேலே என்ன ஆகியிருக்குமோ என்று நினைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு சொட்டும் மெதுவாக விழுந்தது. இரண்டாவது கேனைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு ஏறினேன். வழியில் ஒரு மடக்குக் குடித்தேன், தாங்கமுடியவில்லை. அந்தக் குற்றத்தையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

வால்ட் பாறையோரத்தில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். நான் நினைத்ததைவிடத் தெம்பாகவே இருந்தார். வசந்திதான் உதடு வெடித்து, கண் சிவந்து, பேசமுடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பைக்குள் டவலில் சுற்றி இன்னொரு பாட்டில் தண்ணீர் வைத்திருந்திருக்கிறாள். நான் போனதும் அதை எடுத்து, கால் மணிக்கு ஒரு மூடி என்று கணக்காக வால்ட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். தான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"எதுக்குடி மறைச்சு வெச்சிருந்த?" என்று கேட்டேன்.

"உங்கள நம்பி மலைக்கு வரமுடியுங்களா?" என்றாள். அவ்வளவு தாகத்திலும் அதைச் சொல்லத் தெம்பு இருந்தது.

வால்ட் கேனில் கிருமி போக்கும் மாத்திரையைப் போட்டு, வாட்சைப் பார்த்து, அரை மணி நேரம் யாரையும் தொடவிடவில்லை. அந்த அரை மணி நேரத்தில்தான் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். "இரண்டாவது ஊற்று, ஓட்டம் நன்று," என்று வாசித்துத் தலையாட்டினார். "இன்று நம்மைக் காப்பாற்றியது இந்த வரிதான், கேண்டி. ஒரு கேனுக்கு எத்தனை நிமிடம் ஆனது? சேர்த்து எழுதிவிடுகிறேன்."

நான் தப்பித்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. முப்பத்தைந்து நிமிடம் என்று சொன்னால் கதை முடிந்தது. நான் வீரன், கடிதத்தில் கையெழுத்து. அடுத்த மாதம் யாராவது இந்தப் பட்டியலை நம்பி அந்தப் பச்சை மரத்தடிக்கு இறங்குவார்கள், அதுவும் யாருக்கும் தெரியாது. வெடித்த மண்ணில் என் கைவிரல் தோண்டிய குழி மட்டும் இருக்கும்.

வசந்தி என்னைப் பார்க்காமல், கேனைப் பார்த்தபடியே தமிழில் சொன்னாள்: "சொல்லிருங்க. காலைல அங்க போயிட்டு வந்தப்ப உங்க ஷூவுல ஈரமே இல்ல. மொத ஊத்துல மூணு பேருக்கும் சேறு. எனக்கு அப்பவே தெரியும்."

சொல்லிவிட்டேன். பாறை விளிம்பு, பாறை நிழல், தோப்புக்கரணம், கழுதை, குளியல்தொட்டி, எல்லாவற்றையும். தோப்புக்கரணத்தை அவருக்கு விளக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. வால்ட், "மலை அனுபவம் ஐந்து வருடம் என்று எழுதியிருந்தாயே?" என்றார்.

"அது... கோயில்கள். மலை மேல் இருக்கும்."

"பாதை உண்டா?"

"படிக்கட்டு."

"கைப்பிடி?"

"சில இடங்களில்."

"கடைகள்?"

"கரும்புச்சாறு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது. பேனாவை எடுத்து என் வரியை அடித்துவிட்டு நிதானமாக எழுதினார்: 'இரண்டாவது ஊற்று வறண்டது. மரங்களை நம்ப வேண்டாம். வடமேற்கே குளியல்தொட்டியில் தண்ணீர் உண்டு. கண்டுபிடித்தவர்கள்: கழுதைகள்.' பிறகு வாட்சைப் பார்த்து, முதல் மடக்கை வசந்தியிடம் நீட்டினார்.

என் தோளில் ஒரு கை, வசந்தி ஒடித்துக் கொடுத்த குச்சியில் ஒரு கை என்று அவரை இறக்கி டிரக்குக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் காலில் கட்டோடு அலுவலகத்துக்கு வந்தவர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் கடிதம். காபிக் கோப்பையைத் தூக்கி ஓரமாக வைத்தார். 'ஆறு வருட அனுபவம்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கேண்டி, இதில் கோயில் எத்தனை?"

நான் சொன்னேன்: "இரண்டு."

ஆறை அடித்து நான்கு என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். 'இவர் இல்லாமல் எங்களுக்கு ஆகாது' என்ற வரியை அடிக்கவில்லை. வக்கீல் போனில் தலையில் அடித்துக்கொண்டார். அனுபவம் குறைந்ததால் வேறு வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள், அது நகரவே நகராத வரிசை. கார்டு கைக்கு வரக் கூடுதலாக நான்கு வருடம் ஆனது. ஒரு கோயிலுக்கு இரண்டு வருடம் வீதம் என்று வசந்தி கணக்குச் சொல்வாள். அதற்குள் என் மகள் பிறந்து, நடந்து, பேசத் தொடங்கியிருந்தாள்.

அந்த மகளுக்கும் இந்தக் கதை மனப்பாடம். தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். நான் ஆபீஸில் என்ன சாதித்தேன் என்று சொல்ல ஆரம்பித்தாலே, "ஹவ் மெனி டெம்பிள்ஸ், அப்பா?" என்பாள். எங்கள் ஹாலில் சாமி படங்களுக்கு நேர் எதிரே கழுதைப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஊரில் கடைகளில் அதிர்ஷ்டத்துக்கு மாட்டுவார்களே, அதேதான். வசந்தி கோபியிலிருந்து வாங்கி வந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். அவள் காபி கலப்பதைக்கூட நிறுத்திவிட்டு வந்து முழுக் கதையையும் சொல்லுவாள். தோப்புக்கரணம் உட்பட.

போன மாதம் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போயிருந்தோம். டாக்டர் கம்ப்யூட்டரில் ஒரு படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறீர்கள் என்று கேட்டார். கை நமநமத்தது.

"ஐந்து நாள்," என்றேன்.

பக்கத்து நாற்காலியில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த வசந்தி தலையைத் தூக்கவே இல்லை. "அதுல கோயில் எத்தனைங்க?" என்றாள்.

டாக்டர் புரியாமல் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, மூன்று நாள் என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன்.